பெல் அடிச்சாச்சா, மிஸ்?

இங்க நல்லாச் சொல்லிக் குடுப்பாங்களான்னா கேக்கறே? அதைப் போயி என்னையக் கேக்கறயே, நல்ல ஆளாப் புடிச்சே போ. உக்காரு அம்மிணி. அந்த மூலையில வேண்டாம், அங்க ஃபேன் சுத்தும், காத்து வராது. இப்படி வா. உன்ற டோக்கன் எத்தன? முப்பத்தொண்ணா? எனக்குப் பதினாலு. இப்பத்தான் ஒம்பது உள்ள போயிருக்குது. உன்ற முறை வர்றதுக்குள்ள மத்தியானச் சோத்து நேரம் தாண்டீரும். யாருக்கு, பையனுக்கா? ஒண்ணாவதா? அப்பப் பயமில்ல. ஒண்ணாவதுல எல்லாப் பிள்ளைகளும் இவங்களுக்குத் தங்கம்தான்.

சிரிக்காதே, நெசமாத்தான் சொல்றேன். இந்தப் பள்ளிக்கூடத்தைப் பத்தி என்னைய விடத் தெரிஞ்சவங்க திருச்செங்கோட்டுல யாரும் கெடையாது. என்ற பொண்ணு கனிஷ்கா எல்கேஜியிலிருந்து ஏழாவது வரைக்கும் இங்கதான் படிச்சா. போன வருசம் மே மாசம் இதே பெஞ்சுல உக்காந்து டிசி வாங்கீட்டுப் போனேன். வாங்கீட்டு அந்த வாசப்படியில நின்னு, 'இருடி, உன்னைய ஒரு நாளைக்குப் பாத்துக்கறேன்'னு பிரின்சிபாலைப் பாத்துச் சொன்னேன். மனசுக்குள்ளதான். சத்தமாச் சொல்லலாமுன்னுதான் இருந்தேன், வாட்ச்மேன் பாத்துக்கிட்டே நின்னான்.

இந்தக் கவரையா பாக்கறே? இதுல ரெண்டு டிசி இருக்குது. ஒண்ணு இவங்க குடுத்தது. இன்னொண்ணு நான் குடுத்தது. முழிக்காதே, சொல்றேன். நேரந்தான் கெடக்குதே.

என்ற பேரு சாந்தாமணி. ஊடு சூரியம்பாளையத்துல. வீட்டுக்காரரு ரிக்கு வண்டியில ட்ரில்லரு, போர் போடற வண்டி. வருசத்துல எட்டு மாசம் சட்டீஸ்கர், ஒடிசான்னு எங்கியாச்சும் குழி போட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு. மழை புடிச்சு வண்டி நின்னாத்தான் ஊருக்கு வர்றது. அப்ப வீட்ல யாரு? நானும் கனியும்தான். அவளுக்கு நான், எனக்கு அவ. இதை ஞாபகம் வெச்சுக்கோ.

ஏழாவது அரைப்பரீட்சை முடிஞ்சு பெத்தவங்க மீட்டிங் போட்டாங்க. இவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, கேட்டுக்கோ, நாளைக்கு உனக்கும் வரும். பிள்ளைகளை மார்க்குப்படி உக்கார வெப்பாங்க. மீட்டிங்குக்கு வந்தா, எந்தப் பிள்ளை எந்த பெஞ்சோ, அதே பெஞ்சுலதான் பெத்தவங்களும் உக்காரோணும். நான் கடைசி பெஞ்சு. பன்னெண்டு வயசுப் பிள்ளைங்க பெஞ்சுல என்ற முட்டி மடங்க மாட்டேங்குது. பக்கத்துல ஒரு கறிக்கடைக்காரரு, பாவம், தொண்ணூறு கிலோ இருப்பாரு, அரை ஒடம்பு வெளிய. மொத பெஞ்சுக்காரங்க திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. அந்த மொத பெஞ்சுப் பொம்பளைகளோட மூஞ்சி ஒவ்வொண்ணும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குது.

'கனிஷ்கா பேரன்ட்'னு பிரின்சிபால் கூப்பிட்டாங்க. உமாமகேஸ்வரின்னு பேரு. எந்திரிச்சேன். கணக்குல முப்பத்தொண்ணுன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிச்சாங்க. படிச்சுப்போட்டு, 'நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?'ன்னாங்க. 'பன்னெண்டாவதுங்க மேடம்'னேன்.

'அதான்'னாங்க.

அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. அடுத்த பேரைக் கூப்பிட்டுட்டாங்க. திட்டியிருந்தாக்கூட மறந்திருப்பேன் அம்மிணி. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். 'அதான்'னா என்ன அர்த்தம்? அம்மாக்காரி மக்கு, அதான் பொண்ணும் மக்கு. அப்புறம் ஒரு தாள்ல கையெழுத்து வேற வாங்குனாங்க. 'வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாததால் டியூசனுக்கு அனுப்புகிறேன்'னு அச்சடிச்சே வெச்சிருந்தாங்க. ஆள் இல்லையாமா! அப்ப அங்க நின்னது ஆரு?

பன்னெண்டாவதுல என்ற மார்க்கு என்னன்னு தெரியுமா? ஆயிரத்து நாப்பத்திரண்டு. கணக்குல நூத்தித் தொண்ணூத்தி நாலு, எரநூத்துக்கு. காலேஜுக்கு அப்ளிகேசன் வாங்கி, போட்டோ ஒட்டி வெச்சிருந்தேன். அந்த ஆவணி மாசம் கல்யாணம் முடிச்சுட்டாங்க. அப்ளிகேசன் இன்னும் பீரோவுலதான் கெடக்குது. இதெல்லாம் கேட்டாத்தானே சொல்ல முடியும்? அந்தம்மா கேக்கலியே. 'அதான்'னு போயிட்டாங்க.

அன்னைக்கே டிசி கேட்டேன். வருசம் முடியட்டும்னாங்க. முடிஞ்சு மே மாசம் வாங்குனேன். டிசியில காரணம்னு ஒரு கட்டம் இருக்கும், பாத்திருக்கியா? ஏன் பள்ளிக்கூடத்தை விட்டுப் போறாங்கன்னு. அதுல 'பெற்றோர் விருப்பம்'னு எழுதியிருந்தாங்க. எழுதட்டும். ஆமா, என்ற விருப்பந்தான்.

ஊட்டுக்குப் போயி, 'இனிமே நீ அங்க போக வேண்டாஞ்சாமி, அம்மாவே சொல்லித் தர்றேன்'னு கனிகிட்டச் சொன்னேன். புள்ளைக்குச் சந்தோசம் தாங்கல. தேம்பித் தேம்பி அழுதுருச்சு. 'ரித்திகாகிட்டச் சொல்லவே இல்லியே'ன்னு அழுகறா. ரித்திகாங்கறது பக்கத்துல உக்கார்ற பொண்ணு, அந்தக் கறிக்கடைக்காரரு மக. கடைசி பெஞ்சு சகவாசம் விட்டுதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

என்ற கணக்கு என்னன்னா, மூணு வருசம் வீட்லயே படிக்க வெச்சு, திறந்தநிலைப் பள்ளியில பத்தாவது எழுத வெக்கோணும். இந்தப் பள்ளிக்கூடத்து மொத மார்க்கை விட ஒரு மார்க்கு, ஒரே ஒரு மார்க்கு கூட வாங்கோணும். அந்த மார்க்சீட்டைக் கொண்டாந்து அந்தம்மா டேபிள் மேல வெச்சு, 'பன்னெண்டாவது படிச்சவ சொல்லிக் குடுத்ததுங்க மேடம்'னு சொல்லிப்போட்டு வரோணும். கண்ணாடி முன்னால நின்னு அதைச் சொல்லிக்கூடப் பாத்தேன்.

ஆனா எனக்குக் கணக்குப் போடத் தெரியும், சொல்லிக் குடுக்கத் தெரியோணுமே. அது வேற வித்தையில்ல? வாத்தியாருங்களுக்கு ரெண்டு வருசம் காலேஜ் வெச்சுச் சொல்லித் தர்றாங்க. பெத்தவங்களுக்கு ஆரு சொல்லித் தர்றா? சேலத்துல பழைய புஸ்தகக் கடைக்குப் போயி, டீச்சர் டிரெய்னிங்குக்குப் படிக்கற புஸ்தகம் வேணுமுன்னேன். தலைகாணி மொத்தத்துல ஒண்ணைக் குடுத்தான். நாப்பது பக்கம் படிச்சேன். குழந்தைன்னா என்ன, மனம்னா என்ன, வளர்ச்சின்னா என்னன்னே போய்க்கிட்டு இருக்குது, பின்னத்துக்கு வரவே மாட்டேங்குது. தூக்கி அரிசி டப்பா மேல வெச்சேன்.

அப்புறம் போன்ல தேடித் தேடி, பிள்ளைகளை வீட்லயே படிக்க வெக்கறவங்க வாட்சப் குரூப் ஒண்ணு புடிச்சேன். கோயமுத்தூர்க்காரங்க. ஆனைகட்டிப்பக்கம் ஒரு தோட்டத்துல ரெண்டு நாள் பயிற்சின்னு போட்டிருந்தாங்க. பயிற்சின்னு பாத்ததும் எனக்கு உசுரு வந்த மாதிரி ஆயிருச்சு. கனியை எங்கண்ணன் ஊட்ல உட்டுட்டு, நோட்டு ரெண்டு, பேனா மூணு, கேள்வியெல்லாம் நம்பர் போட்டு எழுதி எடுத்துக்கிட்டுப் போனேன்.

போனா, செருப்பைக் கழட்டச் சொன்னாங்க. வட்டமா மண்ணுல உக்காரச் சொன்னாங்க. தாடி வெச்ச ஒருத்தரு, பாக்க நல்ல மனுசந்தான், குறை சொல்லப்படாது, 'எல்லாரும் கண்ணை மூடி உங்களுக்குள்ள இருக்கற பள்ளிக்கூடத்தை மொதல்ல காலி பண்ணுங்க'ன்னாரு. நான் கையத் தூக்குனேன். கண்ணை மூடியிருந்தாரு, பாக்கல. சத்தமாவே கேட்டுட்டேன். 'சார், பின்னத்தைப் பின்னத்தால வகுக்கறதைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தர்றது?'

'அவளுக்குத் தேவைப்படும்போது அவளே கேப்பாம்மா'ன்னாரு.

'எப்பக் கேப்பா?'

'அடுத்த மாசமா இருக்கலாம். அஞ்சு வருசம் கழிச்சுக்கூட இருக்கலாம்.'

அஞ்சு வருசமா! மூணு வருசத்துல எனக்குப் பத்தாவது பரீட்சை வருது! ரெண்டு நாளும் இப்படியேதான். குதிரைவாலிச் சோறு போட்டாங்க, களிமண்ணுல பொம்மை செய்யச் சொன்னாங்க, அவங்கவங்க மனசுல இருக்கறதைப் பேசச் சொன்னாங்க. என்ற மனசுல இருக்கறதை அங்க சொன்னா வட்டம் கலைஞ்சிருக்கும்.

அங்கதான் மைதிலின்னு ஒருத்தி வந்து ஒட்டிக்கிட்டா. பொள்ளாச்சிப்பக்கம். ரெண்டு பிள்ளைகளை வீட்ல வெச்சுப் படிக்க வெக்கறா. எங்கிட்ட வந்து, 'கணக்கு கெடக்கட்டும்க்கா, உங்க பொண்ணு என்ன சொல்றா?'ன்னு கேட்டா. 'அவ என்ன சொல்றது, பன்னெண்டு வயசுப் புள்ள'ன்னேன். 'நான் மொத வருசம் அழாத நாளில்லக்கா. புஸ்தகத்தை விடத் தொணைதான் வேணும். வாரம் ஒருக்கா பேசிக்கலாம், பிள்ளைகளை ஒண்ணாச் சேத்து விளையாட உடலாம்'னா. எனக்கெதுக்கு அழுகை? நான் அழுகறதுக்கா டிசி வாங்குனேன்? நம்பரை வாங்கிக்கிட்டேன். கூப்பிடல.

ஊருக்குத் திரும்பி வர்ற பஸ்ஸுல தோணுச்சு பாரு. எனக்கு டிரெய்னிங் புஸ்தகம் வீட்லயே இருக்குது! இந்தப் பள்ளிக்கூடத்து டைரி. அறுபது பக்கம். மொத இருவது பக்கம் விதிமுறை. எத்தன மணிக்குப் பிரேயர், எத்தன நிமிசம் ஒரு பீரியடு, தப்புப் பண்ணா என்ன தண்டனை, எந்தக் கலர் மையில திருத்தறது, எல்லாம் போட்டிருக்குது. இவங்க வித்தையைக் கத்துக்கிட்டே இவங்களைத் தோக்கடிக்கோணும். எப்படி என்ற மூளை? அன்னைக்கு ராசா மாதிரி ஊடு வந்து சேந்தேன்.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சேன். முன் ரூமுதான் வகுப்பு. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கரும்பலகை. கைமணி ஒண்ணு வாங்குனேன். யூனிபார்ம் தெச்சேன், இவங்களோடது வெளிர் நீலம், நான் கருநீலம் எடுத்தேன். வருகைப் பதிவேடு போட்டேன், ஒரே பேரு. 'கனிஷ்கா'ம்பேன், 'ப்ரசன்ட் மிஸ்'ம்பா. ஆமா, மிஸ்தான். ஒம்பது மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் அம்மான்னு கூப்பிடப்படாதுன்னு மொத நாளே கண்டிசனாச் சொல்லிப்போட்டேன். அம்மான்னா எளக்காரம் வந்துரும்.

மொத வாரம் புள்ளைக்கு விளையாட்டா இருந்துது. சிரிச்சா. வகுப்புல பேசப்படாதுன்னேன். 'வேற ஆருமே இல்லியே மிஸ், ஆருகூடப் பேசறது?'ன்னா. பேச்சைப் பாத்தியா? எதுத்துப் பேசுனதுக்கு டைரியில சிவப்பு மையில எழுதி, பெற்றோர் கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னேன். சாயங்காலம் கொண்டாந்து நீட்டுனா. நான்தான் கையெழுத்துப் போட்டேன். வேற பேனாவுல.

மத்தியானம் சோறு போட்டு முன்னால உக்காருவேன். தட்டையே பாத்துக்கிட்டு, 'இப்ப நீ அம்மாவா, மிஸ்ஸா?'ம்பா. 'நாலு மணி ஆச்சா?'ம்பேன். 'இல்ல.' 'அப்பறமென்ன?' அப்பறம் பேசமாட்டா, சோத்தைத் தின்னுபோட்டு எந்திரிச்சுப் போயிருவா. நல்ல ஒழுக்கம் வந்துருச்சுன்னு நெனச்சேன். நாலு மணிக்கு மணி அடிப்பேன். அடிச்சதுக்கப்புறம் நான் அம்மா. ஆனா அம்மாவுக்கு அப்பத்தான் திருத்தற வேலை இருக்கும், நாளைக்குப் பாடம் தயார் பண்ணோணும், பதிவேடு எழுதோணும். மிஸ்ஸா இருக்கறது லேசுப்பட்ட வேலையா?

சும்மா சொல்லக்கூடாது, படிச்சா. முப்பத்தொண்ணு வாங்குனவ காலாண்டுல அம்பத்தஞ்சு. அரையாண்டுல எழுவத்தெட்டு! நடுவுல ஒரு பரீட்சையில மட்டும் நாப்பத்தெட்டுக்கு எறங்கிட்டா. 'நேத்து என்ன பண்ணே?'ன்னேன். 'அரை மணி நேரம் டிவி பாத்தேன் மிஸ்'னா. 'அதான்'னேன். அடுத்த தடவ சரியாயிருச்சு.

அப்புறம் மாசி மாசம் ஒண்ணு நடந்துது. இதை நான் ஆருகிட்டயும் சொன்னதில்ல. நீ பொம்பளைப் புள்ள, உங்கிட்டச் சொல்றதுக்கு என்ன.

காலையில மூணாவது பீரியடு, கணக்கு. பத்து நாப்பது இருக்கும். கையத் தூக்குனா. 'மிஸ், வெளிய போகோணும்'னா. டைரியில பதினேழாவது விதி, வகுப்பு நடக்கும்போது வெளிய உடறதில்ல. 'இன்டர்வெல்லுக்கு இன்னும் இருவது நிமிசம் இருக்குது, உக்காரு'ன்னேன். மூஞ்சி ஒரு மாதிரி இருந்துது. கணக்குக்குப் பயந்துக்கிட்டு நழுவப் பாக்கறான்னு நெனச்சேன். உக்காந்துட்டா. ஆறு கணக்குக் குடுத்தேன். போட்டா. ஆறும் சரி. ஆறும் சரி அம்மிணி, கையெழுத்துக்கூடக் கோணல.

பதினோரு மணிக்கு மணி அடிச்சேன். எந்திரிக்கல. என்னையவே பாத்துக்கிட்டு, 'பெல் அடிச்சாச்சா, மிஸ்?'ன்னா.

'ஏன், காது கேக்கலியா?'

'அப்ப இப்ப நீ அம்மாதான?'

'ஆமா, என்ன இப்ப?'

'அம்மா, எனக்கு என்னமோ ஆயிருச்சும்மா'ன்னு சொல்லிக்கிட்டே எந்திரிச்சா. அந்த நாற்காலியைப் பாத்தேன்.

இருவது நிமிசம் அதுலயே உக்காந்திருக்கறா. வயசுக்கு வந்த புள்ள, அம்மா அஞ்சடி தூரத்துல நிக்கறேன், மணி அடிக்கட்டும்னு உக்காந்து கணக்குப் போட்டிருக்கறா. எனக்கு எப்படித் தெரியும்? விசயம் இன்னதுன்னு சொல்லியிருக்கோணுமில்ல? வாய் இருக்குதில்ல? சொல்லலியே. நீ என்ன என்னைய அப்படிப் பாக்கறே? உனக்கு இருக்கறது பையன், உனக்கு இதெல்லாம் வராது.

தெரட்டி சீரு ஜாம்ஜாமுன்னு பண்ணுனோம். எங்கண்ணன் தாய்மாமன் சீரு தட்டுத் தட்டாக் கொண்டாந்தாரு. எங்க வீட்டுக்காரரும் ரிக்கு வண்டியை உட்டுட்டு ரெண்டு நாள் ரயில்ல வந்து சேந்தாரு. எங்க நங்கை, அண்ணன் சம்சாரம், கனியைப் பக்கத்துல உக்கார வெச்சு, 'ஆருகிட்டக் கண்ணு மொதல்ல சொன்னே?'ன்னு ஆசையாக் கேட்டாங்க. 'மிஸ்கிட்டச் சொன்னேன் அத்தே. அவங்க உக்காரச் சொன்னாங்க'ன்னா. கூட்டமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அவ மட்டும் சிரிக்கல. மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. வெயில் அப்படி.

ஏப்ரல் மாசம் தமிழ்ப் பரீட்சை வெச்சேன். கடிதம் எழுதறது வரும்ல, அலுவலகக் கடிதம், உனக்கும் ஞாபகம் இருக்கும். தெருவிளக்கு வேணும், குடிதண்ணி வேணும்னு எழுதுவோம். இந்தத் தடவ உன்ற இஷ்டத்துக்கு எழுதுன்னேன். ஒரே மூச்சுல எழுதிக் குடுத்தா. சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்துனேன். அனுப்புநர் டிக்கு. பெறுநர் டிக்கு. பொருள், தேதி, இடம் எல்லாம் டிக்கு. உறைமேல் முகவரி எழுதாம உட்டுட்டா, அதுக்கு ஒரு மார்க்கு கொறச்சேன். பத்துக்கு ஒம்பது போட்டு, கையெழுத்தும் போட்டுட்டேன். போட்டதுக்கு அப்புறந்தான் படிச்சேன். இந்தா, இதுதான். படி. இல்ல குடு, நானே படிக்கறேன்.

'அம்மையீர், நான் தங்கள் பள்ளியில் ஓராண்டாகப் படித்து வருகிறேன். தாங்கள் நன்றாகப் பாடம் நடத்துகிறீர்கள். எனக்கு இப்போது கணக்குப் புரிகிறது. ஆனால் மற்ற பிள்ளைகள் பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகிறார்கள். எனக்குப் பள்ளி விட்டதும் போவதற்கு வீடு இல்லை. பள்ளியில் நடந்ததைச் சொல்வதற்கு அம்மாவும் இல்லை. ஆகவே எனக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி, செ. கனிஷ்கா.'

ஒரு எழுத்துப் பிழை இருக்குதா பாரு. இருக்காது. ஆரு சொல்லிக் குடுத்தது?

எனக்கு வந்துதே ஒரு கோவம்! ஆருக்காக நான் இத்தனையும் பண்ணுனேன்? ஒரு கல்யாணம் காட்சிக்குப் போனதில்ல, மத்தியானம் கண்ணசந்ததில்ல, குதிரைவாலியெல்லாம் தின்னுபோட்டு வந்தேன். கடைசியில எங்கிட்டயே டிசி கேக்கறா! நான் அந்தம்மாகிட்ட எப்படி நின்னேனோ, அதே மாதிரி எங்கிட்ட வந்து நிக்கறா. நல்லாப் பழி வாங்கிட்டா அம்மிணி. நான் வாங்காத பழியை அவ வாங்கிட்டா, எங்கிட்டயே. ரெண்டு நாள் நான் பேசல. மணியும் அடிக்கல. அவ பாட்டுக்கு ஒம்பது மணிக்கு யூனிபார்ம் போட்டு வந்து உக்காந்துக்கிட்டு இருந்தா.

மூணாம் நாள் அந்த மைதிலிக்குப் போன் போட்டேன். எதுக்குப் போட்டேன்னு எனக்கே தெரீல. ஒரு வருசம் கழிச்சுக் கூப்பிடறேன், 'ஆருங்க?'ன்னு கேக்கோணுமில்ல? 'சொல்லுங்கக்கா'ன்னா. போனைப் புடிச்சுக்கிட்டே நின்னேன். 'நான் வர்றேன்'னா. பொள்ளாச்சியிலிருந்து மூணு பஸ் மாறி, ரெண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கிட்டு வந்துட்டா. வந்து என்ன பண்ணுனா? ஒண்ணும் பண்ணல. புத்தி சொல்லல, கண்ணை மூடுன்னு சொல்லல. எங்கூட உக்காந்து வெங்காயம் உரிச்சா, சோறு தின்னா, சாயங்காலம் போயிட்டா. பிள்ளைங்க மூணும் அந்த வகுப்பு ரூமுல கரும்பலகை பூராக் கிறுக்கி வெச்சிருந்துதுங்க. கனி சிரிக்கற சத்தம் கேட்டுது. பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தவ குழாயை நிறுத்திப்போட்டுக் கேட்டேன்.

அன்னைக்குத்தான் இந்த ரெண்டாவது டிசியை எழுதுனேன். இவங்க குடுத்ததைப் பாத்து அப்படியே கோடு போட்டு எழுதுனது. பேரு, பிறந்த தேதி, வகுப்பு. நடத்தைங்கற கட்டத்துல 'மிக நன்று'ன்னு போட்டேன். இவங்க வெறும் 'நன்று'தான் போட்டிருந்தாங்க. காரணம்னு இருக்கற கட்டம் மட்டும் காலியாக் கெடக்குது பாரு. எத்தனையோ தடவ எழுத உக்காந்தேன், வரல.

எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போறேன்னு கனிகிட்டக் கேட்டேன். எதுன்னாலும் சரின்னா. அப்புறம் சித்த நேரம் கழிச்சு, மலைக்குக் கீழ இருக்குதே கவர்மென்டுப் பொண்ணுங்க பள்ளிக்கூடம், அங்க ரித்திகா போன வருசமே சேந்துட்டாளாம்னா. சரி சரின்னு தலையை ஆட்டிப்போட்டு, இன்னைக்கு ரேசன் கடைக்குப் போறேன்னு சொல்லீட்டு இங்க வந்திருக்கறேன்.

ஏனா? ஏன்னு கேக்கறயே! ஒம்பதாவதுக்கு இவளை இங்கயே திருப்பிச் சேக்கோணும். கணக்குல எழுவத்தெட்டு வாங்கறவ, மொத பெஞ்சுலதான் உக்காருவா. அந்தம்மா தெனமும் அவ மூஞ்சியில முழிக்கோணும். பத்தாவதுல மொத மார்க்கு வாங்குனா, ஆண்டுவிழா மேடையில பெத்தவங்களைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுவாங்க. அப்ப மைக்கைப் புடிச்சு, 'நான் பன்னெண்டாவதுங்க, அதான்'னு சொல்லோணும். ஊரே கேக்க. இன்னும் ரெண்டே வருசம், கனி பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டான்னா...

இரு, இரு. கதவு தொறக்குது. அந்தம்மாதான். எந்திரி அம்மிணி, எந்திரி. நான் பாத்துக்கறேன்.

...

பாத்தியா? பாத்தியா அதை?

'உக்காருங்கம்மா, புது அட்மிசனா?'ங்கறாங்க! என்ற மூஞ்சியை நேரா பாத்து, சிரிச்சுக்கிட்டே! 'எந்த கிளாஸ்?'ங்கறாங்க. 'ஒம்பதாவதுங்க மேடம்'னு எந்திரிச்சு நின்னு பதில் சொல்றேன், என்ற வாயில வேற ஒண்ணும் வரலியே. 'ஃபார்முல உங்க குவாலிபிகேசன் மறக்காம எழுதீருங்க'ன்னு போய்க்கிட்டே இருக்காங்க.

ஞாபகமே இல்ல. ஒரு வருசமா நான் இந்தம்மாவை நெனைக்காம ஒரு வேளை சோறு தின்னதில்ல. பல்லு வெளக்கறப்பவும் இந்த மூஞ்சிதான். இவங்களுக்கு என்ற மூஞ்சி ஞாபகமே இல்ல. 'அதான்'னு சொன்னதும் ஞாபகம் இருக்காது. அன்னைக்கு எத்தன பேருக்குச் சொன்னாங்களோ. அந்தக் கறிக்கடைக்காரருக்கும் சொல்லியிருப்பாங்க. நான் பாட்டுக்கு ஒரு வருசம் அங்க மணி அடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கறேன்.

தண்ணி இருக்குதா? குடு.

மணி என்ன? பத்து நாப்பதா?

உங்கிட்டப் பேனா இருக்குதா? நீலம், கறுப்பு எதுன்னாலும் சரி, சிவப்பு மட்டும் வேண்டாம். இந்தக் கவரைப் புடி சித்த. காரணம். மா-ண-வி வி-ருப்-பம். எழுதியாச்சு. கையெழுத்தும் போட்டாச்சு. நல்லா இருக்குதா? இருக்கட்டும்.

நான் கெளம்பறேன் அம்மிணி. தோத்துட்டுப் போறேன்னு நெனைக்காதே. எழுவத்தெட்டு வாங்கற புள்ள, நூறுக்குப் போற புள்ள, அதை இவங்களுக்குக் குடுக்கப் போறதில்ல. இவங்க மொத பெஞ்சு எனக்கு வேண்டாம். மலைக்குக் கீழ கொண்டு போயிச் சேக்கறேன். பேப்பர்ல போட்டோ வர்றப்பப் பாத்துப்போட்டு, எங்க உட்டோமுன்னு வயிறெரிஞ்சு சாகட்டும். ஞாபகம் வரலீன்னாலும் எரியட்டும். ஊட்டுக்குப் போயி அவளையும் கூட்டீட்டு, இன்னைக்கே போயி சேத்துப்போட்டு வந்தர்றேன். மொதல்ல அந்த யூனிபார்மைக் கழட்டச் சொல்லோணும்.

இந்தா, பதினாலு. நீ வெச்சுக்கோ, சீக்கிரம் போயிரலாம். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. நீ என்ன படிச்சிருக்கே? பத்தாவதா? உள்ள போனா அந்தம்மா கேப்பாங்க. தலையைக் குனியாதே, பத்தாவதுன்னு சத்தமாச் சொல்லு. சொன்னதுக்கு 'அதான்'னு சொன்னாங்கன்னா, பதில் பேசாதே, அழுகாதே, டிசி கிசின்னு கேட்டுத் தொலைக்காதே. வெளிய வந்து எனக்கு ஒரு போன் போடு. நம்பரை எழுதிக்கோ. நான் வர்றேன்.

இந்த மாசம்னா எந்நேரம்னாலும் கூப்பிடு. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்துட்டா மட்டும் நாலு மணிக்குள்ள கூப்பிட்டுரு. அதுக்கு மேல என்னால வர முடியாது. புள்ள வீட்டுக்கு வந்துரும்.